எல்லாமே மேட்ல போட்டுடுங்க

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று, இனி உண்மையைச் சொல்கிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. போனிலேயே திட்டியிருப்பேன். பக்கத்து அறையில் உன் அத்தான் சாப்பிடாமல் படுத்திருக்கிறார், காதில் விழும் என்றுதான் கடிதம்.

அவர் செருப்புக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருக்கக் கூடாதா? கேமரா வாங்கித் தந்தாய். சரி, மனுஷன் பூவை எடுப்பார், பறவையை எடுப்பார் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் எடுத்தது கால். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கால், வங்கி வரிசையில் மாற்றி மாற்றி நிற்கிற கால், வேலை முடிந்து நாற்காலிக்கு அடியில் ஷூவைப் பாதி கழற்றிவிட்ட ஒரு நர்ஸின் கால். "ஒரு முகமாவது எடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றால், "முகத்தைப் பாத்து என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, கால்னா எனக்குத் தெரியும்" என்கிறார். தெரியாமல் என்ன? ஆயுசில் பாதியைக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் காலுக்கு ஷூ மாட்டியே கழித்தவராயிற்றே. அந்த ஸ்டூலையும் கடையில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், தினமும் அதில் இடித்துக்கொள்வது நான்.

நூலகத்து அம்மா இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்க கூடத்தை ஒரு ஞாயித்துக்கிழமை தர்றேன், கண்காட்சி வைங்க" என்று சொன்னார். அன்றோடு போயிற்று என் நிம்மதி. பழைய முதலாளியை அழைக்கப் போன இடத்தில் அந்த மனுஷன், "காலைப் படம் புடிச்சு மாட்டினா எவன்யா பாப்பான்?" என்று சிரித்திருக்கிறார். அதை வந்து என்னிடம் சொல்லும்போது உன் அத்தானும் சிரித்தார். ஆனால் கையில் வைத்திருந்த டீ ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் குடிக்கவில்லை. நாலு பேர் நின்று பார்க்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

அப்புறம் எதில் அச்சடிப்பது என்ற ஆராய்ச்சி. தெருமுனை பிரிண்ட் கடைக்காரர் அந்த நர்ஸ் காலையே விதவிதமாக அடித்து ஒரு பை நிறைய மாதிரித் துண்டு கொடுத்தனுப்ப, இவர் அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, லைட் போட்டு ஒரு தடவை என்று வீடு முழுக்க ஒட்டிவைக்க, ஃப்ரிட்ஜைத் திறந்தால் கால், குளியலறைக் கதவைச் சாத்தினால் கால். பளபளக் காகிதத்தில் ட்யூப்லைட் பட்டு, கால் காணாமல் போய் என் மூஞ்சிதான் தெரிந்தது, நானும் சும்மா இருப்பானேன் என்று தலையை வாரிக்கொண்டேன். கேன்வாஸ் துணியில் அடித்தால் நெசவு வரிவரியாகத் தெரிந்து, நன்றாக இருந்த அந்தப் பெண்ணின் குதிகாலுக்குப் பித்தவெடிப்பு வந்துவிட்டது. அலுமினியத் தகட்டில் அடித்ததை நான் தட்டு என்று நினைத்து மாடி வீட்டுக்காரருக்கு அதில் டீ வைத்து நீட்ட, அவர் டம்ளரை எடுத்தால் அடியில் ஒரு குதிகால்! அதற்கப்புறம் அவர் நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கடைசியில்தான் பளபளப்பே இல்லாத காகிதம் ஒன்று வந்தது, அதற்கு மேட் என்று பேராம். அதை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு உன் அத்தான், "இங்க பாரு, வெளிச்சம் திருப்பி அடிக்கல. பாக்கறவங்க மூஞ்சி இதுல தெரியாது, கால் மட்டும்தான் தெரியும்" என்றார். கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

முடிவானதும் கடைக்குப் போன் போயிற்று. "எல்லாமே மேட்ல போட்டுடுங்க. நல்லா கனமா இருக்கட்டும். வாசல்ல நுழைஞ்சதுமே கண்ணுல படணும்." இவ்வளவுதான் சொன்னது. இதில் என்ன தப்பு, நீயே சொல்.

இன்று மத்தியானம் வண்டியில் சரக்கு வந்து இறங்கியது. தூக்க இரண்டு ஆள். "காகிதம் இவ்வளவு கனமா?" என்று உன் அத்தான் ஒரு சுருளைப் பிரித்தார். நர்ஸ் கால், சுற்றிலும் கறுப்புக் கரை, அடியில் வழுக்காத ரப்பர். கால் மேட்! அடப்பாவி, அத்தனை படத்தையும் கால் துடைக்கிற மேட்டில் போட்டு அனுப்பியிருக்கிறான்! கப், தலையணை உறை என்று எல்லாவற்றிலும் அடிக்கிற கடைதான், அதற்காக? கூப்பிட்டனுப்பினால் அந்தக் கடைக்காரர் சிரித்த முகமாக வந்து, "துவைக்கத் துவைக்கச் சாயம் போகாது சார், தைரியமா மிதிக்கலாம்" என்கிறார். காகித மேட் என்று நான் கத்தின பிறகுதான் அவர் முகம் மாறியது. "அந்தக் காகிதம் தீந்துபோச்சு, திங்கக்கிழமைதான் வரும். வாசல்னு கடைப் பையன்கிட்ட சொன்னீங்களாமே... யாரு போன்ல பேசினது?" என்றார். "நான்தான் சொன்னேன், விடுங்க" என்று உன் அத்தான் அவரை அனுப்பிவிட்டு, அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இத்தனை காலமும் கால்கிட்டயே உக்காந்திருந்தேன். இப்ப காலுக்குக் கீழயே போயாச்சு" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் வந்தது. எதையும் நறுக்கென்று, விளக்கமாகச் சொல்லத் தெரியாத மனுஷன்! காகிதம் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தால் நாக்கு தேய்ந்தா போகும்? நாளைக்குக் கண்காட்சி, கூடம் அந்த ஒரு நாள்தான் கிடைக்கும், முதலாளி வேறு வந்து சிரிக்கப் போகிறார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். நீ ஊரில் இல்லாததே நல்லது. அடுத்த வாரம் வந்து உன் கேமராவை எடுத்துக்கொண்டு போய்விடு, உனக்குக் கோடி புண்ணியம்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, எந்தக் கலையும் தெரியாமல், நிம்மதியாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா.

பின்குறிப்பு: இது ஞாயிறு சாயங்காலம் எழுதுவது. தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். மேட்டுகள் நூலகச் சுவரில் நிற்கவில்லை, ஒட்ட ஒட்டத் தொப்பென்று விழுந்தன. "தரையிலயே விரிச்சிடலாம்" என்றார் உன் அத்தான், செத்த குரலில். விரித்தோம். (ஆமாம், போனேன். அவரைத் தனியாக விட முடியுமா?) முதலில் வந்த பெண் உள்ளே வைக்கப் போன காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள். ஒருத்தர்கூட மிதிக்கவில்லைடா! குனிந்தார்கள், குத்தவைத்தார்கள், சிலர் சப்பணம் போட்டு உட்கார்ந்தே விட்டார்கள். முதலாளியும் வந்தார். முட்டிவலிக்காரர், குனிய முடியாமல் திண்டாடினார். உன் அத்தான் பழக்கதோஷத்தில், வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன குட்டை ஸ்டூலைத் தள்ளி, "உக்காருங்க சார்" என்றார். கடைக்குச் சொந்தக்காரர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நர்ஸ் காலையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம கடை ஷூதான்யா இது. அந்தப் பொண்ணுக்குக் கடிக்குது போலிருக்கே" என்றார். "ஆமா சார், ஒரு சைஸ் பெரிசாத் தந்திருக்கணும்" என்றார் உன் அத்தான், நின்றுகொண்டே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிவைத்தேன்.

ஆகையால் கேமராவைத் தர முடியாது, அந்த எண்ணமே வேண்டாம். இன்னொன்று. கடைக்குப் போன் பண்ணியது நான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். யார் பேசியது என்று கடைக்காரர் கேட்டபோது, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நான்தான்" என்று சொன்னாரே, அந்த மனுஷனைத்தான் மேலே அவ்வளவு திட்டியிருக்கிறேன். திரும்ப எழுத எனக்குக் கை ஒழியவில்லை. நீ பின்குறிப்பை மட்டும் படி.