டோம் ஏறிய மாமாவும் தலையில் இறங்கிய துணியும்

சவரிமுத்து மாமாவுக்குத் தமிழ் வாய் நிறையப் பேச வரும். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. ரங்கூன் தமிழர்களில் பாதிப் பேர் அப்படித்தான், பள்ளிக்கூடமெல்லாம் பர்மிய எழுத்தில் போய்விட்டது. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் பின்கட்டில் நடந்த தமிழ் வகுப்புக்கு ஒழுங்காகப் போனேன் (வடை கொடுப்பார்கள்). அந்த வடையின் புண்ணியத்தில்தான் இதை இவ்வளவு தைரியமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். படிக்கிற யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் நான் காலி.

முதலில் ஃபௌன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பர்மாவில் ஒவ்வொரு ஆம்பளையின் தலையிலும் தோளிலும் ஒரு மகிமை குடியிருக்கிறதாம், அதுதான் ஃபௌன். உத்தியோகம், மரியாதை, அதிர்ஷ்டம் எல்லாம் அதன் உபயம். அந்த ஃபௌனுக்கு ஒரே ஒரு எதிரி: தமெய்ன். பெண்கள் இடுப்பில் கட்டுகிற கைலி. அது ஒரு ஆம்பளை தலைக்கு மேலே போனால் ஃபௌன் சேதாரம். தலையில் பட்டால் மொத்தமாக அவுட்.

மாமா மூணு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். காலையில் ஜெபமாலை, சாயங்காலம் ஜெபமாலை. ஆனால் பர்மிய ஃபௌன் மட்டும் எப்படியோ வீட்டுக்குள் நுழைந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. தின்கன்ஜூன் தெருவில் அவர் நடக்கிறதைப் பார்க்கணும். மேல் மாடிகளில் துணி காயும் இடம் வந்தால் கபடி ஆட்டக்காரர் மாதிரி சட்டென்று சாலை நடுவுக்கு ஒதுங்குவார். சைக்கிள்காரன் திட்டினாலும் கவலை கிடையாது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் உச்சி மாடியில்தான் குடியிருந்தார். காற்றுக்காக என்று ஊரிடம் சொல்வார். உண்மையான காரணம், தலைக்கு மேலே எந்தப் பொம்பளையும் நடக்கக்கூடாது.

இந்த மாமாவின் மகன் ஆல்பர்ட்டைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆல்பர்ட்டுக்கு ஓகே. எங்கள் அம்மாவுக்கு டபுள் ஓகே. மாமாவுக்கு மட்டும் ஒரு ஆட்சேபனை.

"படிச்ச புள்ளதான், இல்லேங்கல. ஆனா அந்த வாயி இருக்கே! ரேடியோவுக்காச்சும் திருகுற குமிழ் இருக்கு. ஒரு விஷயத்த வாய மூடிக்கிட்டு வச்சிருக்கத் தெரியாத பொண்ணு என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

(அநியாயம். ஆனால் பொய் இல்லை.)

அப்போதுதான் எங்கள் பங்கிலிருந்து ரோமுக்குத் திருயாத்திரை கிளம்பினார்கள். பாஸ்போர்ட் கிடைத்த கதையைச் சொன்னால் அதுவே தனிப் புராணம், விடுங்கள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று ஃபாதர் என்னையும் கூட்டத்தில் சேர்த்தார். அதே கூட்டத்தில் மாமாவும் இருந்தார். லான்மடாவில் கடை வேலையை விட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடிவந்த ஆல்பர்ட் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அப்பாவுக்கு ஒன்னப் புடிக்கணும். திரும்பி வரும்போது அவரே 'சரி'ன்னு சொல்லணும். தயவுசெஞ்சு கொஞ்சமாப் பேசு."

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஊமைன்னு நெனைக்கிற அளவுக்கு."

ரோமில் நான் ஊமையாகவே இருந்தேன். மாமாவின் பையைத் தூக்கினேன். அவர் ஸ்பகெட்டியைப் பார்த்து முறைத்தபோது அம்மா கட்டிக்கொடுத்த பலாச்சௌங் (இறால் கருவாட்டுப் பொடி, உயிர் காக்கும் மருந்து) டப்பாவை நீட்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல" என்றார். உள்ளுக்குள் நான் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

பிறகு பிளாரன்ஸ். ஊர் நடுவில் அந்தப் பெரிய கோயில், அதன் தலையில் செங்கல் நிறத்தில் ஒரு டோம். கவிழ்த்த பானை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால், நம் தெருவையே அந்தப் பானைக்குள் போட்டு மூடலாம் போல இருந்தது. அதன் மேலே ஏறலாமாம். வயசானவர்கள் எல்லாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் பக்கம் நழுவினார்கள். மாமா மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். உச்சி மாடிக்காரர் அல்லவா, தினமும் பயிற்சி!

"நா ஏறுறேன். கூட யாரு?"

"நா வர்றேன் மாமா!" என்று குதித்தேன். மாமா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பில் அம்மாவின் பட்டுத் தமெய்ன், மாண்டலேயில் நெய்த அலை டிசைன். இத்தாலியில் கோயிலுக்குள் மரியாதையாகப் போக வேண்டும் என்று அம்மா திணித்து அனுப்பியது.

"படி ரொம்பக் குறுகல்னாங்க" என்று தொண்டையைச் செருமினார். "ஏறும்போது நா முன்னாடி போவேன், சரி. எறங்கும்போதும் முன்னாடிதானே போவணும்? அப்ப நீ எனக்கு மேல இருப்பே. அதக் கட்டிக்கிட்டு."

"நா முன்னாடி எறங்குறேன் மாமா."

"கும்பல்ல அப்புடி இப்புடி ஆயிருச்சின்னா? பேண்டு இருக்கா?"

இருந்தது. ஒரு காப்பிக் கடைக் கழிவறையில் போய் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, தமெய்னைச் சுருட்டித் தோள்பைக்குள் திணித்தேன். மாமா ஷூவைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். கோயிலில் செருப்பை வாசலில் விட்டால் வேறு வாசல் வழியாக வெளியே வந்து தெருத்தெருவாய்த் தேட வேண்டியிருக்கும் என்பது ரங்கூன் அனுபவம். சாக்ஸோடு கம்பீரமாக வரிசையில் நின்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரம்மா, ஜெர்மன்காரி. ஆள் தென்னைமரம். போட்டிருந்த ஷார்ட்ஸோ குட்டை. வாசல் காவலாளி அவள் முழங்காலைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டான், உள்ளே விட முடியாது. அந்தம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் ரயிலாம். மறுபடி இந்தப் பக்கம் வரப்போவதில்லையாம்.

இங்கேதான் எனக்குள் அன்னை வேளாங்கண்ணி இறங்கினாள். மாமா பார்க்க ஒரு புண்ணிய காரியம் செய்தால் எப்படி இருக்கும்? பைக்குள் கையை விட்டேன். தமெய்னை உருவினேன். அந்தம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு இழு, ஒரு மடி, ஒரு சொருகல். காவலாளி கையைக் காட்டினான், போகலாம்.

மாமா அந்த நேரம் குனிந்து சாக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அந்தம்மா வாசல் இருட்டுக்குள் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா?"

"பாவம் மாமா, துணி குடுத்து ஒதவுனேன்."

மாமாவின் முகம் கனிந்தது. சத்தியமாகக் கனிந்தது. "நல்ல மனசு ஒனக்கு. ஊர்ல போயி பேசுவோம்" என்றார்.

ஊரில் போய்ப் பேசுவோம்! காதில் கல்யாண மேளம் கேட்டது. அந்த மேளத்தோடு படியேற ஆரம்பித்தேன். முன்னால் ஜெர்மன்காரி, நடுவில் மாமா, பின்னால் நான். படி என்றால் படியா அது? கல் புழுவின் வயிற்றுக்குள் போகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் போனது. இரண்டு பக்கமும் தோள் இடித்தது. முதல் கொஞ்ச தூரம் இருட்டு. பிறகு ஒரு சின்ன ஜன்னல் வந்தது. வெளிச்சம் அடித்தது. மாமா தலையைத் தூக்கினார்.

நின்றார்.

"எம்மா."

"மாமா?"

"மேல ஆடுதே, அது என்ன?"

அலை டிசைன் அவர் மூக்குக்கு மேலே அரை முழத்தில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

"அது... துணி மாமா."

"துணின்னா சால்வன்னு நெனச்சேன்! தமெய்ன்! அமலே!" (பர்மியில் 'ஐயோ அம்மா'.) அப்படியே திரும்பப் பார்த்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் பாதி ஐரோப்பா. வந்த வழியே இறங்க எலிக்குக்கூட இடமில்லை.

"மாமா, இது இத்தாலி. இங்கெல்லாம் ஃபௌன் பாக்க மாட்டாங்க."

"ஃபௌனுக்கு என்ன விசாவா எடுக்கணும்? நா எங்க போறேனோ அது கூடத்தானே வரும்!"

நான் வாங்கிய ஃபிசிக்ஸ் பட்டத்தில் இந்தப் பாடம் வரவில்லை. பின்னால் யாரோ இத்தாலியனில் கத்த ஆரம்பித்தார்கள். மாமா ஒரு முடிவுக்கு வந்தார். அந்தம்மா ஒரு திருப்பம் முன்னால் போகட்டும், பிறகு ஏறலாம். அவளோ நல்லவள், என்னை விட்டுப் போக மனசில்லாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்து "ஓகே? ஓகே?" என்று கேட்டாள். ஒவ்வொரு ஓகேக்கும் மாமா சுவரோடு பல்லியானார்.

டோமின் வயிற்றுக்கு வந்ததும் உள்பக்கமாக ஒரு நடைபாதை. நிமிர்ந்தால் கூரை முழுக்கக் கடைசி நியாயத்தீர்ப்புப் படம். எங்கள் தலைக்குப் பக்கத்திலேயே நரகம். பேய்கள் மனிதர்களைச் சூலத்தில் குத்தித் தூக்குகின்றன. மாமா அகலப் பாதையைப் பயன்படுத்தி அந்தம்மாவை முந்திவிட்டார்! அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் முந்தியவர் போனாரா? நரகத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றுவிட்டார்.

"ஆம்பள பொம்பள, மேல கீழன்னு ஒரு வரைமுறையே இல்லாமக் கெடக்குறாங்க பாரு" என்று வருத்தப்பட்டுத் திரும்பினால், ஜெர்மன்காரி மறுபடி முன்னால்.

கடைசிப் பகுதி டோமின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் செங்குத்தாகப் போகிறது. படி இல்லை, கல்லில் செய்த ஏணி. முன்னால் போகிறவர் நிஜமாகவே நம் தலைக்கு மேல். ஷூப் பையைத் தலைக்கு மேல் கேடயமாகப் பிடிக்கலாமா என்று மாமா ஒரு நிமிஷம் யோசித்ததை நான் பார்த்தேன். ஷூவைத் தலையில் வைப்பது அதைவிடக் கேவலம் என்று உடனே உறைத்திருக்கும். என் கையிலிருந்த சிட்டி மேப்பைப் பிடுங்கினார், தலையில் கூரை மாதிரி கவிழ்த்தார், கண்ணை மூடினார், "அருள் நிறைந்த மரியே" என்று ஏற ஆரம்பித்தார்.

பட்டு வழுக்கும். அவசரச் சொருகல் நிற்காது. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் மேலே போகும்போது முடிச்சு இளகும். இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், முன்பே யோசித்திருக்கலாம்.

அந்தம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரு பெரிய எட்டு வைத்தாள். சொருகல் விட்டது. அலை டிசைன் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு ராணி சிம்மாசனத்தில் அமர்கிற மாதிரி இறங்கியது. மேப்பைத் தட்டிவிட்டது. மாமாவின் தலை, காது, தோள், எல்லாவற்றையும் மூடி உட்கார்ந்தது.

மரியே வாழ்க பாதியில் நின்றது. மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த யாரோ பளிச்சென்று ஒரு போட்டோ எடுத்தார்கள். (உலகத்தில் எங்கேயோ ஒரு ஆல்பத்தில் எங்கள் குடும்ப மானம் இன்றும் பத்திரமாக இருக்கிறது.)

துணிக்குள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல் வந்தது.

"இது யாருது?"

பொய் சொல்லியிருக்கலாம். புதுசு, கடையில் வாங்கியது, யாரும் கட்டாதது. ஆனால் என் வாய்தான் தெரியுமே, எனக்கு முன்னால் ஓடும்.

"அம்மாவுது மாமா."

வருங்காலச் சம்பந்தியின் தமெய்ன். துணி ஒருமுறை நடுங்கியது.

மேலே உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே சிவப்புக் கூரைகள், தூரத்தில் மலை, எல்லாரும் ஆஹா ஊஹூ என்றார்கள். மாமா கம்பியோரம் சாக்ஸோடு உட்கார்ந்து ஒன்றையும் பார்க்கவில்லை. ஜெர்மன்காரி நூறு தடவை சாரி சொல்லிவிட்டு, ஏன் சொல்கிறோம் என்று புரியாமலே போய்விட்டாள். நான் தமெய்னைப் பைக்குள் அமுக்கி, ஜிப்பையும் இழுத்து மூடினேன். ஆல்பர்ட்டுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். 'உங்கப்பா மேல எங்கம்மா துணி விழுந்துருச்சு' என்று எப்படி ஆரம்பித்தாலும் நன்றாக இல்லை.

கடைசியில் மாமா வாயைத் திறந்தார்.

"நம்ம கூட்டத்துல யாரும் பாக்கல இல்ல?"

"யாரும் இல்ல மாமா. நா மட்டுந்தான்."

"நீ மட்டுந்தான்" என்று கசப்பு மாத்திரை மாதிரி அந்த வார்த்தையை மென்றார். "தின்கன்ஜூன்ல இது தெரிஞ்சா நா தெருவுல நடக்க முடியுமா? டீக்கடையில எவனாச்சும் எந்திரிச்சி எடம் குடுப்பானா?"

"நா சொல்ல மாட்டேன் மாமா."

"நீயா!"

அதற்கு மேல் வாதாட என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. வியாபாரத்தில் பெரிய நஷ்டத்தைச் சின்ன நஷ்டமாக்குகிறவர் மாதிரி மாமா நெற்றியைத் தேய்த்தார்.

"வெளி வீட்டுப் பொண்ணா இருந்தா ஊரெல்லாம் சொல்லிப்புடுவே. எங்க வீட்டுக்குள்ள வந்துட்டா அது ஒன் குடும்ப மானம். சொல்ல மாட்டேல்ல?"

"மாமா, அப்பன்னா..."

"அப்பன்னா என்ன அப்பன்னா. தை மாசம் வச்சிக்கலாம். எறங்கு. நீ முன்னாடி போ!"

தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் அம்மா கல்யாணத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறீர்கள்? அதேதான், அலை டிசைன். மாமா கை கூப்பி வரவேற்கும்போது கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. "சம்பந்திக்கு எவ்வளவு மரியாதை பாரு" என்று அம்மா இன்றும் பெருமையடிக்கிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை (ஆல்பர்ட்டிடம் சொன்னது கணக்கில் வராது). திறந்தது மாமாதான். பங்குத் திருவிழாச் சாப்பாட்டில் யாரோ யாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"டோம் உச்சிக்குக் கிட்ட போயிட்டேன். மரியே வாழ்க சொல்லிக்கிட்டே ஏறுறேன். திடீர்னு மேலேருந்து ஒரு பட்டுத் துணி, தானா எறங்கி வந்து எந்தலைய மூடுச்சி. அப்பவே பளீர்னு ஒரு வெளிச்சம்!"

கூட்டமே சிலுவை போட்டுக்கொண்டது. ஒரு பாட்டியம்மா அவர் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆல்பர்ட் சோற்றுத் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமா எதற்காவது முரண்டு பிடித்தால் போதும், "அந்தப் பட்டுத் துணி என்ன கலர்ப்பா?" என்று ஆல்பர்ட் கேட்பான். மாமா உடனே எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார். டிவி வாங்கியது அப்படித்தான்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கூன்யா (நம் வெற்றிலைதான்) மென்றுகொண்டு மாமா பின்னால் வந்து நின்றார். ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா டொக்கு டொக்குன்னு?"

"ஒங்க கததான் மாமா. பிளாரன்ஸ்."

"எல்லாத்தையும் போட்டியா?"

"ஒண்ணு விடல மாமா."

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"வெளிச்சம் வந்துச்சே, அத மறந்துறாத."