விசில் நின்ற வண்டியும் தூங்காத அக்காவும்

கப்பலில் இருக்கும் மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. முதலில் உங்கள் உடல்நலத்தை விசாரிக்கச் சொன்னாள் அம்மா. விசாரித்தாயிற்று. அடுத்து, இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னாள். அது சரியான தகவல் இல்லை என்பதால் எழுதவில்லை. உங்கள் மகள் சுகம். உங்கள் கார் மிகவும் சுகம். உங்கள் மனைவி, அதாவது என் அக்கா, பதினோரு நாளாகப் பகலில் தூங்கவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. ஆனால் காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நடந்ததில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் கப்பலில் சமைப்பவர். எஞ்சின் என்றாலே 'ம்' கொட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் குக்கர் கணக்கில் சொல்கிறேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்ப் புகை சேரும். அதை அளவாக வெளியே விட, குக்கர் வெயிட் மாதிரி, ஒரு வால்வு உண்டு, கட்டைவிரல் அளவு. உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு. அந்தப் புகையை எஞ்சினே திரும்ப இழுத்து எரித்துக்கொள்ளும். சவ்வு கிழிந்தால் காற்று கண்டபடி போகும், கூடவே எண்ணெயும் போகும், பின்னால் நீலப் புகை வரும், முன்னால் விசில் வரும். உங்கள் வண்டியில் அது நாலு மாதமாக வந்தது. கூர்மையான விசில் இல்லை. யாரோ தூரத்தில் காலி பாட்டிலின் வாயில் ஊதுவது போல, அதுவும் ஊதுகிற ஆளுக்கே பாதித் தூக்கம் போல ஒரு சத்தம்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. மத்தியானம் ஒன்றே முக்காலிலிருந்து ஐந்து வரை அவள் தூங்கியாக வேண்டும். வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது என்பதற்காக, மேனேஜரை (உங்கள் மகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவள் அழுதால் நாலு பேர் எழுந்து நிற்கிறோம்) அம்மா மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார, அப்பா காரில் வீட்டைச் சுற்றியே தெருத்தெருவாகச் சுற்றுவார். இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டார். சைக்கிள்காரர்கள் முந்திப் போகும்போது ஜன்னல் வழியாகக் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் தெருவே கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். மர நிழல்கூட நகராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து எண்ணெய் மூடியைக் கழற்றினேன், விசில் நின்றது. மூடினேன், வந்தது. கோளாறு அந்த வால்வுதான், இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம். அப்பா வந்து நின்றார்.

"ஓடுற வண்டியை ஏன்டா நோண்டுற?"

"ஓடுதுப்பா. எண்ணெய் குடிச்சுக்கிட்டு ஓடுது."

"நானும் மாத்திரை முழுங்கிக்கிட்டுத்தான் ஓடுறேன். என்னையும் கழட்டிப் பாப்பியா?"

எஞ்சின் ஆறியதும் கிளிப்பைத் தளர்த்தி வால்விலிருந்து போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டேன், தொட்டதுதான், அது பிஸ்கட் மாதிரி நொறுங்கி கையோடு வந்துவிட்டது, ஒரு துண்டு உள்ளே விழுந்ததா விழவில்லையா என்று தெரியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புக்குள்ள கறுப்பாத்தான் இருக்கு, இந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, வெளியே இருக்கிற துண்டையெல்லாம் பேப்பர்ல ஒட்டவெச்சுப் பாரு. எது குறையுதோ அதான் உள்ளே இருக்கு"ன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. ஏன்னா அவர் சொன்னது சரி. அடுக்கிப் பாத்தேன், நகம் அளவு ஒரு துண்டு குறைஞ்சுது. அக்கா புருவத்துக்கு வெச்சிருக்கிற இடுக்கியைக் கேக்காம எடுத்துட்டு வந்து முக்கால் மணி நேரம் குனிஞ்சு நின்னு அதைப் பிடிச்சு வெளியே எடுத்தேன். வாத்தியார் கைதட்டினார். நான் திரும்பிப் பாக்கல.

புது வால்வு, புது ஹோஸ், புது கிளிப். ஸ்டார்ட் பண்ணினேன். மாமா, உங்களுக்கு எப்படிச் சொல்றது. எஞ்சின் ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியாத ஓட்டம். ஒரு டம்ளர் தண்ணியை எஞ்சின் மேல வெச்சேன். அதுக்குள்ள இருந்த வானம் அசையவே இல்ல. ஒரு மேகம் மட்டும் மெதுவா ஒரு விளிம்புல ஏறி அடுத்த விளிம்புல இறங்கிச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னிருக்கேன், எவ்வளவு நேரம்னு தெரியல. அம்மா வந்து டம்ளரை எடுத்துக் குடிச்சுட்டுப் போனதும்தான் நினைவு வந்துச்சு.

அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து மேனேஜர் வண்டியில முன்னைவிட நல்லாத் தூங்குறா. ஆனா அக்கா தூங்கல. படுக்குறா, கண்ணைத் திறக்குறா, எழுந்து ஜன்னல்கிட்ட வர்றா, மறுபடி படுக்குறா. நான் மெக்கானிக் பயிற்சி எடுத்த ஆள். கோளாறு எங்கேன்னு வரிசையாப் பாத்தேன். திரையை மாத்தினேன், வெளிச்சம் இல்ல. ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். தலையணை மாத்தினேன். காலை எட்டு மணிக்கு மேல காபியை நிறுத்தினேன், அதுக்கு வாங்கின திட்டைத் தனியா எழுதணும். வீடு கிணறு மாதிரி அமைதியா இருக்கு. எல்லா அளவும் சரியா இருக்கு, அக்கா மட்டும் முழிச்சிருக்கா.

"உனக்கு என்னதான் பண்ணுது?"ன்னு கேட்டேன்.

"தெரியலடா. படுத்தா எதுக்கோ காத்திருக்கிற மாதிரியே இருக்கு."

இது ஒரு பதிலா? போன வியாழக்கிழமை அக்கா வார்டுல ஒருத்தரோட காய்ச்சல் அளவைப் பக்கத்துக் கட்டில்காரர் சீட்டுல எழுதிட்டா. மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி பெரிய நர்சம்மா பாத்துட்டதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இன்னொரு தடவை நடந்தா வார்டுல வெச்சுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். அதைச் சொன்னப்ப அக்கா அழல. சாப்பாட்டுத் தட்டு முன்னால உட்கார்ந்து தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்த வார்டுக்குப் போறதுக்கு அவ எவ்வளவு வருஷம் படிச்சான்னு உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி டியூட்டி அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை விடச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். நான் சொன்னால் தலையில் குட்டுகிறாள். நீங்கள் கடலில் இருப்பதால் உங்களைக் குட்ட முடியாது.

அலை உங்களை அதிகம் ஆட்டாமல் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, தூங்குகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு, நாலு நாள் கழித்து: மேலே உள்ள முடிவைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். கவர் ஒட்டுவதற்குள் அக்கா கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். குட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். குட்டவில்லை.

"விசிலை நீதான் நிறுத்தினியா?" என்றாள்.

"நிறுத்தல. சரி பண்ணினேன்."

"நான் படுத்துக்கிட்டு அதைத்தான் கேட்டுட்டே இருந்திருக்கேன்டா. இதைப் படிக்கிற வரைக்கும் எனக்கே தெரியல. இப்ப பாப்பா தண்ணித் தொட்டிகிட்ட போறா. இப்ப பள்ளிக்கூடச் சுவர், அங்க மட்டும் சத்தம் கொஞ்சம் கனமா வரும். இப்ப தையல்கடை திரும்பிட்டா. பாப்பா அங்க இருக்கா, பாப்பா இங்க இருக்கான்னு கூடவே போய்க்கிட்டே தூங்கிடுவேன். இப்பல்லாம் வண்டி வாசலைத் தாண்டினதும், அவ எங்கேயும் இல்லாத மாதிரி இருக்கு."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் கோளாறு அட்டவணை கிடையாது, மாமா. பழைய வால்வைத் தேடி எடுத்துத் துடைத்தேன். தினமும் ஒன்றரைக்குப் பழசை மாட்டுகிறேன், அந்த நேரம் நான் ஃபேக்டரியில் இருப்பேன் என்பதால், வண்டி திரும்பி வந்து ஆறியதும் புதுசை மாட்டுவது வாத்தியார். அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன், மகா நிதானம், ஆனால் தப்பு வருவதில்லை. நான் பழசை மாட்டி முடித்ததும் அப்பா சாவியை ஆட்டிக்கொண்டு வந்து, "கெடுத்தாச்சா? கிளம்பலாமா?" என்கிறார். எண்ணெய் கொஞ்சம் செலவாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேத்து அக்கா நிஜமாவே தூங்குறாளான்னு பாக்க, அவ ரூம் வாசல்ல உட்கார்ந்தேன். தண்ணித் தொட்டி வந்துச்சு. பள்ளிக்கூடச் சுவர் வந்துச்சு, ஆமா, அங்க கனமாத்தான் கேக்குது. அக்கா மூச்சு சீராயிடுச்சு. தையல்கடை திரும்பினது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. மூணு மணி ஷிஃப்டுக்கு நான் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி அஞ்சேகால்.