லடாக் புறப்பட்ட ஜீப்

உலகப் பயண வரலாற்றில் இதுவரை நடந்தவை அனைத்தும் அரைகுறை வேலைகள். கப்பலேறியவர்களும் ஒட்டகம் ஏறியவர்களும் போதிய ஆயத்தம் செய்யாமல் கிளம்பினார்கள். அதனால்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆயத்தம் என்பதை அதன் முழுப் பொருளில் செய்துகாட்டிய ஒரே மனிதர் பெருங்களத்தூர் சம்பந்தம். 2005இல் தொடங்கிய அவருடைய லடாக் பயணம், 2008 கோடையிலும் அவர் வீட்டு வாசலிலேயே வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தது.

சம்பந்தம் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட், கம்பி விற்பவர். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் விளைகின்றன. ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மனைவி மஹாலட்சுமி ஆரத்தி சுற்றிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுல போனா பனி பாக்கலாமா?"

"பாக்கறதா? பனிமேலயே வுடறேன் பாரு."

"மேலயெல்லாம் விட வேணாம். நான் எறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கணும். அவ்ளோதான்."

மூன்று வருடத்தில் அந்த ஆசை தேயவில்லை. முட்டிதான் தேய்ந்துபோனது. தாம்பரத்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்று நாள் கொடுத்தார்.

"அதுக்குள்ள போய்டணுங்க," என்றாள் மஹாலட்சுமி. "என் சொந்த முட்டியோட நடக்கணும். கம்பெனி முட்டியில நடந்தா அது நான் நடந்த மாதிரி இருக்காது."

சம்பந்தம் இதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டு, மூச்சுக்குழாய் வாங்கக் கிளம்பினார்.

மூச்சுக்குழாய் என்பது மனிதருக்கானதல்ல. ஆற்றைக் கடக்கும்போது ஜீப் கழுத்தளவு மூழ்கினாலும் இன்ஜின் காற்று வாங்குவதற்காகக் கூரைவரை ஏறும் குழாய். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எதிர் ஃபிளாட் யக்ஞநாராயணன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். பயணக் குழுவின் செயலாளரும் 'தொழில்நுட்ப ஆலோசகரும்' அவரே. ஞாயிறுதோறும் கூட்டம், கூட்டத்துக்கு ஒரு மினிட் புத்தகம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் எடுத்துவந்த பிரிண்ட் அவுட்களில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சஹாராவைக் கடந்துகொண்டிருந்தார்.

"சார், இவன் போறது சஹாரா. நாம லடாக்கு," என்றார் சம்பந்தம்.

"லடாக்கும் பாலைவனம்தான் சம்பந்தம். குளிர்ப் பாலைவனம். டெம்பரேச்சர்தான் வேற."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் போட, ஓட்டை போட்ட இரும்புப் பலகைகள் இரண்டு வாங்கப்பட்டன.

பலகைகளை வைக்கக் கூரையில் கேரியர் அடித்தார்கள். கேரியர் இருக்கிறதே என்று டீசல் டின் நான்கு, ஸ்பேர் வீல் இரண்டு, கூடாரம், கடப்பாரை, இட்லிக் கொப்பரை எல்லாம் மேலே ஏறின. பாரம் தாங்காமல் ஸ்பிரிங் பட்டைகள் படுத்துக்கொண்டன. மெக்கானிக் குணா கூடுதல் பட்டை போட்டான். வண்டி ஓரடி உயர்ந்துவிட்டது. மஹாலட்சுமியால் முட்டியை மடக்கி ஏற முடியவில்லை. அதற்காக ஒரு மடக்கு ஏணி வந்தது. ஏணியை வைக்கக் கேரியரை நீட்டினார்கள். பாரம் கூடியது. பட்டைகள் மறுபடி படுத்துக்கொண்டன. விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

"அண்ணா, இன்ஜினு நல்லாதான் கீது," என்றான் குணா. "இதெல்லாம் எறக்கி வெச்சிட்டீங்கன்னா டெல்லி இன்னா, சைனா வரைக்கும் போவும். தூக்கினு போவச் சொன்னாதான் அதுக்குப் பேஜாரா கீது."

"இதெல்லாம் இல்லாம எதுக்குடா போவணும்?"

குணா மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். ஸ்பேனர் பிடிப்பவனுக்கும் தொலைநோக்கு உள்ளவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஜோசியர் தை மாதத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அன்றைக்கு இன்ஜின் குணாவின் ஷெட்டில், தார்ப்பாய்மேல் உறுப்பு உறுப்பாகப் பரப்பிக் கிடந்தது. அதற்காக நல்ல நாளை விட்டுவிட முடியுமா? இதற்கென்றே பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. குறித்த நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், கொண்டுபோகும் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் கிளம்பியதாகவே அர்த்தம். ஒரு ஸ்பேர் வீலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சரின் மாடிப்படிக்குக் கீழே உருட்டிவிட்டார்கள். லடாக்கை நோக்கி முதல் இருபது அடி இவ்வாறு கடக்கப்பட்டது.

ஒரு வாரம் கழித்து டீச்சர் கேட்டார். "இதை எப்ப சார் எடுப்பீங்க?"

"எடுக்கக் கூடாது டீச்சர். கெளம்பின பொருளை வூட்டுக்குத் திருப்பினா பயணம் கெட்டுடும். அது முன்னாடி போயிடுச்சி. நாங்கதான் பின்னாடி வரணும்."

கேரியரில் ஒரு வீல் குறைந்துவிட்டதால் புதிதாக இன்னொன்று வாங்கினார்கள்.

இந்த மகத்தான முயற்சியை மதிக்காத ஒரே ஜீவன் கிளியம்மாள். கோவளத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி வந்து, மஹாலட்சுமிக்குச் சங்கரா ஆய்ந்து கொடுத்துக்கொண்டே ஜீப்பை நிமிர்ந்து பார்ப்பாள்.

"பனி பாக்க இம்மாம் பெரிய கோட்டை எதுக்கு லச்சுமிக்கா? வருசா வருசம் மீன்புடி தடைக்காலத்துல போட்டு எதுவும் கடலுக்குப் போவாது. எங்களுக்கும் யாவாரம் இருக்காது. அப்போ நாங்க பொம்பளைங்க பத்து பேரு ரயிலேறி பத்ரிநாத் போய்ட்டு வந்துடுவோம். போன வருசம் பனிய அள்ளி முந்தானையில முடிஞ்சினு வந்தேன். ரூமுக்கு வர்றதுக்குள்ள சேலைதான் நனைஞ்சிது."

சம்பந்தத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா எடுத்துனு போனீங்க?"

"இன்னா எடுத்துனு போவாங்க? ஒயர்கூடை, புளிசோறு, ஒரு போர்வை."

"ஆக்ஸிஜன்?"

"அது அங்கியே கீதுண்ணா."

அன்று மாலை டீக்கடையில் சம்பந்தம் இதை நடித்தே காட்டினார். துண்டைத் தலையில் போட்டு, கையில் கூடை இருப்பதாக வைத்துக்கொண்டு, ரயிலில் இடம் தேடும் மீன்காரியாக நாலு எட்டு நடந்தார். கடையே சிரித்தது. "இதுக்குப் பேரு பயணம் இல்லப்பா," என்றார் துண்டை உதறியபடி. "சும்மா போய்ட்டு வர்றது. ஆடு மாடுகூடத்தான் போய்ட்டு வருது."

மார்ச் மாதம் வெள்ளோட்டம். கோவளம் கடற்கரைவரை போய்த் திரும்புவது என்று தீர்மானம். மஹாலட்சுமி பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் புது ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, பெருங்களத்தூர் வெயிலில் வேர்த்து வடிய வந்தாள். ஸ்வெட்டருக்கும் வெள்ளோட்டம் வேண்டும் அல்லவா? ஏணியை வைத்து ஒவ்வொரு படியாக ஏறிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, என் சீட் எங்க?"

சீட் இருந்த இடத்தில் இரும்பு டேங்க் ஒன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"ரெண்டாவது டேங்க்கு," என்றார் சம்பந்தம். "மலைமேல டீசல் கெடைக்கலன்னா?"

"நான் எங்க உக்கார்றது?"

பின்னால் இருந்த சீட்டுகள் பெட்டிகளுக்காக ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. தகர டிரங்குப் பெட்டியின்மேல் அமர்ந்திருந்த யக்ஞநாராயணன் மினிட் புத்தகத்தைப் புரட்டினார். "அந்த ஐட்டம் அடுத்த மீட்டிங் அஜெண்டால இருக்கு மேடம்."

மஹாலட்சுமி கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். காலிக் கூடையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கிளியம்மாளைக் கூப்பிட்டாள். இருவரும் பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போய், படகு நிழலில் உட்கார்ந்து சர்பத்தும் குடித்து முடித்த பிறகுதான் ஜீப் வந்தது.

வந்த வேகத்தில் மணலில் இறங்கியது. இறங்கியது என்றால், அச்சு வரைக்கும்.

பதற்றம் ஏதும் இல்லை. இதற்கென்றே இரும்புப் பலகைகள் உண்டு. ஆனால் அவை முதன்முதலில் வாங்கப்பட்டவை என்பதால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தன. டின், வீல், கூடாரம், கொப்பரை என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கடற்கரையில் பரப்பினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரோ மீன் ஏலம் என்று நினைத்து வந்து கொப்பரைக்கு விலை கேட்டார். பலகைகள் கடைசியாகக் கீழே வந்தபோது, பாரம் இறங்கிய ஜீப்பை நான்கு மீனவர்கள் படகைத் தள்ளுவதுபோல ஒரே மூச்சில் தார் ரோட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

'பலகைகளை மேலே வைக்க இரண்டாவது கேரியர் தேவை' என்று அங்கேயே மினிட் எழுதப்பட்டது.

மஹாலட்சுமி கிளியம்மாளிடம் திரும்பினாள். "மே மாசம் உங்களோட ஒரு ஆள் சேத்துக்குவீங்களா?"

"வாக்கா. புளிசோறு மட்டும் உன் பங்கு."

சம்பந்தம் தடுக்கவில்லை. பெரிய மனது. டீக்கடையில் மட்டும் சொன்னார்: "ஹரித்வாரைத் தாண்ட மாட்டா. மூச்சு வாங்குதுன்னு ஃபோன் வரும். நான் ஜீப்பை எடுத்துனு போய் மீட்டுகினு வருவேன்." அடுத்த ஞாயிறு மீட்புத் திட்டம் நிறைவேறியது. கேரியரில் ஒரு ஸ்ட்ரெச்சர் ஏறியது. பட்டைகள் படுத்துக்கொண்டன.

மே மாத நடுவில், ஒரு பிற்பகல், மீட்பவரே மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்தார். ஏற்றிவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்ததும், கூட்டமாக இருக்கிறதே, பார்க் ஸ்டேஷன்வரை போகலாம் என்று ஏறினார். பார்க்கில் இறங்கியதும், சென்ட்ரல்வரை பையைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று நடந்தார்.

அங்கே படிக்கட்டு இருந்தது. மஹாலட்சுமி ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் அங்கே காத்திருந்த கிளியம்மாளின் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறினாள். நடுவில் நின்று மூச்சு விட்டாள். ஒருமுறைகூட அவர் பக்கம் கை நீட்டவில்லை. நீட்டுவாள் என்று அவர் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒரு கையைக் காலியாகவே வைத்திருந்தார்.

பெட்டிக்குள் ஒன்பது பெண்கள், ஒன்பது ஒயர்கூடைகள். "பத்து பேருல பாப்பா வர்ல," என்று கிளியம்மாள் எண்ணிப் பார்த்துச் சொன்னாள். "பொண்ணுக்கு இடுப்பு வலி கண்டுடுச்சாம். அவ எடம் சும்மாதான் கீது."

சம்பந்தம் நின்றபடியே அறிவுரைகளைத் தொடங்கினார். உயரத்தில் ரத்தம் எப்படிக் கெட்டியாகும், பனியில் கால்விரல் எப்படிக் கறுத்துப்போகும் என்று வரிசையாகச் சொல்லிவந்தார். பெண்கள் வெற்றிலை மடித்தார்கள். மஹாலட்சுமி புடவைக்கு மேலாகவே இரண்டு முட்டிகளையும் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கூட வரும் குழந்தைகளைச் சமாதானப்படுத்துவதுபோல.

"வண்டி எடுக்கப் போறான். எறங்குங்க."

"ஜூலைல ஜீப்பு ரெடியாயிடும் லச்சுமி. அப்பப் போலாம்."

"ஜூலைல என் முட்டி இருக்காதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். யக்ஞநாராயணன் இருந்திருந்தால் இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருப்பார். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. சம்பந்தம் கதவைப் பார்த்தார், முட்டிகளைப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். பிளாட்ஃபாரம் முடிந்துபோனது.

மஹாலட்சுமி ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள்.

"உக்காருங்க. இங்க சீட் இருக்கு."

உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்து அவருடைய செல்போன் அடித்தது. யக்ஞநாராயணன்தான். "ரெண்டாவது கேரியர் வந்திருக்கு சம்பந்தம். குணா அளவு கேக்கறான். எங்க இருக்கேள்?"

"ஒரு சின்ன வேலையா வெளிய வந்தேன் சார்," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். மூன்று வருட ஆயத்தத்தில் அவரிடம் இப்போது இருந்தது அந்த போனும், ஒரு கைக்குட்டையும், காலில் ஹவாய் செருப்பும்தான். கிளியம்மாள் அவர் மடியில் ஒரு இலைப் பொட்டலத்தை வைத்தாள். புளிசோறு.

பாதிப் பொட்டலத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பட்டியலில் பேனாவை வைத்து, இருக்கை இருக்கையாக டிக் அடித்துக்கொண்டே வந்து நின்றார்.

"முப்பத்தி நாலு. பாப்பா. ஃபீமேல். வயசு அம்பத்தி ரெண்டு. யாரும்மா அது?"

பெண்கள் எல்லோருக்கும் அந்த நொடியில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ இருந்தது. சம்பந்தம் டீக்கடையில் போட்ட துண்டுக்குப் பதிலாக மஹாலட்சுமியின் போர்வையை எடுத்து, தலைமேல் போட்டு, மீசை மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, புளிசோறு ஒட்டியிருந்த கையை மெல்லத் தூக்கினார்.