கரிசல் காட்டுக்கு ஒரு யாட்டு

கடலோரத்தில் பிறந்தவன் படகு வாங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? கதவைத் திறந்தால் கடல். கண் முன்னால் கிடப்பதற்கு ஆசைப்பட யாராலும் முடியும். ஆனால் கோவில்பட்டியில் பிறந்து, மழையையே அண்ணாந்து பார்த்து வளர்ந்த ஒருவர், தமக்கென்று ஒரு மோட்டார் உல்லாசப் படகு இல்லையே என்று சோறு இறங்காமல் தவித்தாரென்றால், அதற்குப் பெயர்தான் தொலைநோக்கு. அந்தத் தொலைநோக்கு வாய்க்கப்பெற்றவர் தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்) அதிபர் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி. கோவில்பட்டியில் கடலை உண்டு; கடல் கிடையாது. இடையில் நிற்பது ஓர் ஐகாரம். அதை நீக்குவதற்காகவே அவர் பிறந்திருந்தார்.

ஆசை பிறந்த இடம் கொச்சி. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அங்கே ஓர் ஏற்றுமதியாளர் கூட்டம். கூட்டம் முடிந்ததும் ஒரு வியாபாரி அண்ணாச்சியைத் தன் படகில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். கையில் இளநீர், முகத்தில் காற்று, கீழே எல்லாம் தண்ணீர்.

“அம்புட்டு தண்ணியும் சும்மா கெடக்குவே, பூவனலிங்கம்!” என்று ஊர் திரும்பி மேனேஜரிடம் சொன்னபோது அண்ணாச்சிக்குக் குரல் தழுதழுத்தது.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஏஜெண்டு ஹரி வந்து இறங்கினார். பளபளக்கும் தாளில் அச்சடித்த இரண்டு படப் புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று முப்பதடி ‘யாட்’, அதாவது உல்லாசப் படகு; மற்றது ஐம்பதடி யாட். அண்ணாச்சி அந்தச் சொல்லுக்கு ஓர் உகரம் சேர்த்து ‘யாட்டு’ என்று தமிழுக்குத் தத்தெடுத்துக்கொண்டார். வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்னதா, பெரிசா? இதுதான் அந்த மாதம் முழுவதும் தீப்பெட்டி ஆபீஸை ஆட்டிப் படைத்த ‘கொள்கைப் பிரச்சினை’.

சொல் ஆபீஸ் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனது. போகிற வழியில் அதன் தலையெழுத்து தேய்ந்து, ‘யாட்டு’ ‘ஆட்டு’ ஆகிவிட்டது. மறுநாள் சின்னக்கருப்பன் என்பவர் இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“சின்னதா பெருசான்னு அண்ணாச்சி ரோசனை பண்ணுதாவளாமே. ரெண்டையும் கண்ணால பாத்துக்கிடட்டும். பெருசு சினையா இருக்கு, அதையும் சொல்லிப்புடுதேன்.”

போட்டி ஏஜெண்டு என்று நினைத்து ஹரி சற்றே பதறினார். அவரைத் தேற்றி உட்கார வைத்தவர் பூவனலிங்கம்தான்.

தேற்றுவது பூவனலிங்கத்தின் உத்தியோகம். முதலாளி கோபப்பட்டால் வேலையாட்களைத் தேற்றுவார். வேலையாட்கள் முணுமுணுத்தால் முதலாளிக்குக் கேட்காமல் தேற்றுவார். ஆனால் அந்த மாதம் அவரையே தேற்ற ஆள் இல்லை. காரணம், ஆபீஸ் வேன்.

சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுகிற வேன் அது. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மரச் சட்டத்தில் குச்சி அடுக்கும்போது ஒரு குச்சி இன்னொரு குச்சியில் பட்டுவிடக் கூடாது. பட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது. குச்சிக்கு ஏற்பட்ட இந்த விதி, குச்சி அடுக்குகிற பெண்களுக்கு ஏற்படவில்லை. வேனில் உட்கார்ந்தவள் மடியில் ஒருத்தி, நின்றவள் தோளில் ஒருத்தி, கதவில் தொங்குகிறவள் கடவுள் பொறுப்பில். கதவு என்பதும் மரியாதைக்குச் சொல்வது. அது ஒரு கயிறு. போன வாரம் வளைவில் கயிறு அறுந்தது. சீனித்தாய் கீழே விழுந்து கை ஒடிந்து, கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தாள்.

அன்றைக்கு வெள்ளைத்தாய் வந்து கேட்டாள். பெட்டி அடைக்கிற பிரிவில் எல்லாப் பெண்களுக்கும் அவள்தான் வாய்.

“மேனேஜரய்யா, இன்னொரு வேன் கேட்டு வாங்கித் தாங்க. இல்ல, இதைவிடப் பெருசா ஒண்ணு. ஒருத்தி கையோட போச்சு. அடுத்து என்ன போகணும்?”

“கேக்குதேன் தாயி. அண்ணாச்சி மொகம் பாத்துக் கேக்குதேன்.”

அண்ணாச்சியின் முகத்தை அந்தச் சமயத்தில் பார்ப்பது எளிதாக இல்லை. அது படப் புத்தகத்துக்குள் இருந்தது.

கடைசியில் அண்ணாச்சி ஒரு ‘களஆய்வு’க்கு உத்தரவிட்டார். அதன்படி ஆபீஸ் பின்பக்கத்தில் குச்சி காயப்போடுகிற களத்தில், கரிசல் மண்ணின்மேல் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு யாட்டுகளும் முழு அளவில் வரையப்பட்டன. உள்ளே நாற்காலிகள் போடப்பட்டன. மேகமே இல்லாத வானத்தின் கீழே அண்ணாச்சியும், அவர் மனைவி ஜானகியம்மாளும், ஹரியும் முதலில் சின்னதில் ‘ஏறினார்கள்’. ஜானகியம்மாள் கோட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக்கொண்டாள்.

“ஏங்க, கால் முட்டு இடிக்கி.”

“எங்கன இடிக்கி? எதுக்க ஒண்ணுமே இல்லையே?”

“சுவரு வந்துரும்லா? வந்தா இடிக்கும்.”

“ஐம்பதடியில இந்தப் பிரச்சினையே இல்லை மேடம்” என்றார் ஹரி. “தலைக்கு ஒரு சோபா. காலை நீட்டலாம்.”

எல்லோரும் பெரியதற்கு மாறினார்கள். ஜானகியம்மாள் காலை நீட்டினாள். பார்த்தாள். திருப்தியாக மடக்கிக்கொண்டாள். அண்ணாச்சி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சின்னதுதான் அடக்கமா இருக்கு. நாம மொத்தமே நாலு பேரு. பெருசுக்கு அம்புட்டு அவசியம் இருக்கா? என்னவே பூவனலிங்கம், நீரு வாயே தொறக்கலையே. உம்ம அபிப்பிராயத்தையும் சொல்லும்.”

பூவனலிங்கம் சீனித்தாய் வீட்டிலிருந்து அப்போதுதான் நேரே வந்து நின்றிருந்தார். அண்ணாச்சியிடம் செலவுச் சமாச்சாரம் பேச அவர் ஒரு முறை வைத்திருந்தார். எடுத்த எடுப்பில் சாமானின் பெயரைச் சொல்லக் கூடாது. கஷ்டத்தை முதலில் சொல்ல வேண்டும். முகம் இளகியதும் பெயரைச் சொல்ல வேண்டும். களத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ‘சின்னது’, ‘பெருசு’ என்ற இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணாச்சி, சின்னது ஆகவே ஆகாது. மூச்சு முட்டுது அண்ணாச்சி. உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல. பொம்பளைங்க படுத பாட்டைக் கண்கொண்டு பாக்க முடியல. ஒரு வளைவுல திரும்புனா எவ விழுவான்னு தெரியாது. விழுந்தா உசுருக்கு யாரு பொறுப்பு? பெருசா ஒண்ணு வாங்கினீங்கன்னா அத்தனை பேரும் ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுவாங்க.”

ஜானகியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹரி இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு விற்பனைப் பேச்சைக் கேட்டதில்லை.

அண்ணாச்சி எழுந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே நடந்து வந்து, மேனேஜரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நான் என் சௌகரியத்தை மட்டும் பாத்துட்டேன்வே. பொம்பளைங்க உசுரை நெனைக்கலயே. பெருசே வாங்கிருவோம்!”

பூவனலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு கருணையைக் கண்டதில்லை. முகம் இளகிவிட்டது, இனிப் பெயரைச் சொல்லலாம்.

“வேன், அண்ணாச்சி!”

“வேணும்தான். அதான் வாங்குதோமே.”

“இல்ல அண்ணாச்சி, வேன்...”

“எத்தனை தடவைவே ‘வேணும் வேணும்’னு சொல்லுவீரு? ஹரி சார், பெருசு முடிவாயிட்டு. இந்த மனுசனுக்கு இருக்குத அக்கறையைப் பாத்தீங்களா?”

ஹரி பூவனலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் பூவனலிங்கம் குனிந்து பார்த்தார். காலடியில் வெள்ளைக் கோட்டில் ஐம்பதடிப் படகு ஒன்று கிடந்தது. அதன் மூக்கில் தாம் நிற்பது தெரிந்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி அவரை எல்லார் முன்னாலும் புகழ்ந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அதுவும் முதல் தடவை. வாய் தானாக மூடிக்கொண்டது.

சாயங்காலம் வேன் பக்கத்தில் வெள்ளைத்தாய் கேட்டாள். “அண்ணாச்சிக்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாவ?”

“பெருசு வாங்குததா சொல்லிட்டாவ.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெண்கள் அன்றைக்கு வேனுக்குள்ளிருந்து குலவை போட்டார்கள். உள்ளே கை தட்ட இடம் கிடையாது.

தை மாதத்தில் வெள்ளோட்டம். தூத்துக்குடித் தோணித்துறையில் நடைபெறும் இந்த ‘வரலாற்று நிகழ்ச்சி’யில் கலந்துகொண்டு கை தட்டுவதற்காக, ஆபீஸுக்கு ஒரு நாள் விடுமுறை விடப்பட்டது. கூலியும் விடுமுறையில் போனது. பூவனலிங்கம் அண்ணாச்சியின் காரில் முன்சீட்டில் போனார். பெண்கள் பின்னால் வேனில் எட்டயபுரம் தாண்டி, புழுதி தாண்டி வந்து இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கினார்கள், இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஹரி அதை வாய் பிளந்து பார்த்தார்.

வெள்ளைத்தாய் தண்ணீரில் நின்ற வெள்ளைப் படகைப் பார்த்தாள். மாலை போட்டிருந்தது. பூவனலிங்கத்தைப் பார்த்தாள்.

“மேனேஜரய்யா, நீங்க சொன்ன பெருசு இதானா?”

அவர் கடலைப் பார்த்தார். பார்ப்பதற்கு அது வசதியாக நிறைய இருந்தது.

அண்ணாச்சி குடும்பமும் விருந்தாளிகளும் ஏறினார்கள். “பூவனலிங்கம் இல்லாம இந்த யாட்டு ஏது? ஏறும்வே!” என்று அண்ணாச்சியே கை கொடுத்து ஏற்றினார். அவரும் ஏறி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் ஒரு கையை நுழைத்தார். அதற்குள் துறை அதிகாரி வந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒரு ஆள் அதிகம். இறங்கணும்.”

“பெரிய யாட்டு சார் இது! ஒரு ஆளுதானே!” என்றாள் ஜானகியம்மாள்.

“ஒரு ஆளா இருந்தாலும் உயிர்தானேம்மா.”

அண்ணாச்சி உருகிப்போனார். “கேட்டீரா பூவனலிங்கம்? என்ன ஒரு சட்டம்! மனுச உசுருக்கு என்ன ஒரு மதிப்பு! இப்படிச் சட்டத்தை மதிச்சாத்தான்வே நாடு உருப்படும். எறங்கும்.”

பூவனலிங்கம் நுழைத்த கையை வெளியே எடுத்துவிட்டு இறங்கினார். படகு கிளம்பியது. பெண்கள் வந்த வேலையைப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். சீனித்தாய் மட்டும் ஒரு கையால் தன் தொடையில் தட்டினாள்.

படகு புள்ளியாகி மறைந்தது. அண்ணாச்சி வரும்வரை கார் நகராது என்று டிரைவர் சொல்லிவிட்டார். வேன் உறுமிக்கொண்டு நின்றது. கயிற்றுக்கு வெளியே வரை ஆள் பிதுங்கியது. பூவனலிங்கம் பக்கத்தில் போய் நின்று, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் தயங்கினார்.

“நானும் ஏறினா ஆளு கூடிப்போகுமே, தாயி. ஆபத்தில்லையா?”

வெள்ளைத்தாய் உள்ளேயிருந்து கை நீட்டினாள்.

“சும்மா ஏறுங்க மேனேஜரய்யா. இதுல எங்களை யாரு எண்ணுதா?”