நாற்பத்தொன்றாவது குளவி

காடுகளைக் காப்பாற்றுவது மழையா, மண்ணா என்று அறிஞர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டும் இல்லை; சுற்றறிக்கைதான். அடித்துச் சொல்வேன். எங்கள் சரணாலய அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அவற்றை எழுதும் எழுத்தர் நான்.

எங்கள் காட்டில் வேட்டைக் குளவிகள் நாற்பத்தொரு வகை. மூன்று மழைக்காலம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து எண்ணியவர் ஆய்வாளர் அம்மா. கடைசி வகைக்கு இருந்ததே ஒரே கூடு. காடு முழுக்க இடமிருந்தும், அதை எங்கள் பார்வையாளர் மண்டபத்தின் முகப்பில் கட்டியிருந்தது. அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை!

அது இரை தேடுவது ஓடைக்கரையில். விடுதி கட்ட அனுமதி தரலாமா என்று பார்க்க வியாழக்கிழமை வரும் அரசுக் குழு அதை உயிரோடு பார்த்துவிட்டால், ஓடைக்கரைக் காடு பிழைக்கும். இல்லாவிட்டால் அங்கே சொகுசு விடுதி.

இயக்குநர் உடனே ‘பல்லுயிர் வரவேற்புக் கூட்டம்’ கூட்டினார்.

“வர்றவங்கள கொட்டிட்டா யாரு பதில் சொல்றது?”

“சார், அவங்க பாக்க வர்றதே அதத்தான்,” என்றார் ஆய்வாளர் அம்மா.

“தாராளமா பாக்கட்டும். கொட்டக் கூடாது, அவ்வளவுதான்.”

“கிட்டப் போய்ச் சீண்டலன்னா கொட்டாது சார்.”

“எழுத்துல குடுக்க முடியுமா?”

“இப்பவே தரேன்.”

“நீங்க இல்லம்மா. குளவி தரப்புல யாராவது.”

எவ்வளவு நியாயமான கேள்வி! குளவி தரப்பில் யாரும் வரவில்லை. “மண்டபத்தில் கொட்டக்கூடிய பூச்சிகள் அனைத்தும் அகற்றப்படும்” என்று நானே சுற்றறிக்கை எழுதினேன்.

புதன்கிழமை மருந்தடிக்க வந்தவர் மேலே பார்த்துத் தயங்கினார். “இந்தக் கூட்ட மட்டும் விட்டுடவா?”

“‘அனைத்தும்’னு போட்டிருக்குப்பா,” என்றேன்.

மறுநாள் ஆய்வாளர் அம்மா குழுவினர் முன்னால் உள்ளங்கையை விரித்தார். பதினோரு குளவிகள்.

“நகரலையே?” என்றார் குழுத் தலைவர்.

அந்த அம்மா உள்ளங்கையை மூடிக்கொண்டார். குழு எங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பாராட்டிவிட்டு, விடுதிக்கு ஒப்புதல் தந்துவிட்டுப் போனது.

இயக்குநருக்கு ஒரே கவலை. “பட்டியல்ல நாப்பத்தொண்ணு குறையக் கூடாதும்மா. நம்ம மானம் போயிடும்.”

ஆய்வாளர் அம்மா மாலைக்குள் திருத்திக் கொடுத்தார். கடைசி வரி இப்படி இருந்தது: “41. எழுத்தர். இரை: குளவி. ஆயுதம்: பேனா. வாழிடம்: அலுவலகம். எண்ணிக்கையில் குறைவில்லை.”

இயக்குநர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டார். முத்திரை வைக்குமுன் நான் படித்தேன், இரண்டு தடவை. திருத்த ஒன்றும் இல்லை.