நம்ம பைப்புதானா?

தீயணைப்பு வீரன் நெருப்புக்குப் பயப்பட மாட்டான் என்று ஊரில் நினைக்கிறார்கள். பயப்படுவான். பயப்படாதவனை வேலைக்கு வைத்தால் வண்டியும் மிஞ்சாது, அவனும் மிஞ்ச மாட்டான். ஆனால் நெருப்பைவிட அவன் அதிகமாகப் பயப்படுவது பட்டப்பெயருக்குத்தான்.

நான் வேலை பார்க்கும் நிலையத்தில், ஏணியில் கால் வழுக்கி ஒற்றைக் கையில் தொங்கியவர் அன்றிலிருந்து 'பல்லி'. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போய், கயிற்றைத் தன் இடுப்பிலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு மாட்டோடு மாடாக மேலே வந்தவர் 'கன்னுக்குட்டி'. (அவர் பேரன் எடுத்துவிட்டார். பேரனையும் கன்னுக்குட்டி பேரன் என்றுதான் சொல்கிறோம்.) அதனால் எங்களில் எவனும் தப்பிப் பிழைத்த கதையை வாய் திறந்து சொல்வதில்லை. "என்னா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்போம். சட்டை கருகியிருக்கும், புருவம் காணாமல் போயிருக்கும், ஆனாலும் ஒண்ணும் இல்லைதான்.

நானும் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கூடவே ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் வினை.

பங்குனி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து போன். பேக்கிங் ஷெட்டில் தீ. கப்பு, பொம்மை எல்லாம் உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றி அனுப்புவார்கள் அல்லவா, அந்த வைக்கோல் குவியல் பற்றிக்கொண்டது. வைக்கோலில் எரிவது கொஞ்சம்தான், புகைவதுதான் அதிகம். நாங்கள் போனபோது ஷெட்டுக்குள் தன் கை தனக்குத் தெரியவில்லை. முதல் வேலையாகக் கம்பெனிக்கு வரும் கரண்டை நிறுத்தச் சொன்னோம். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இன்றும் தாலியைத் தொட்டுக் கும்பிடும் வரி இது.)

நானும் தனசேகரும் உள்ளே போனோம். தனா என் செட்டு. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டம்ளர் டீயைப் பாதி பாதி குடிப்பவர்கள். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க், கையில் தண்ணீர் பைப்பு. எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. உள்ளே போகும்போது பைப்போடு போ, வெளியே வரும்போது பைப்பைத் தடவிக்கொண்டே வா. பைப்பின் அந்தக் கடைசியில் வண்டி இருக்கிறது, வண்டி நிற்கும் இடத்தில் உயிர் இருக்கிறது. குழந்தைக்கும் புரியும் பாடம்.

கொஞ்ச நேரத்தில் தனாவின் மாஸ்க் வார் தளர்ந்துவிட்டது. என் தோளைத் தட்டி, "வாடா, ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்" என்றான். அதுதான் முறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ போடா, நான் பாத்துக்கறேன்." எனக்கு அப்போது முப்பது வயது, மீசை வேறு நன்றாக வந்திருந்தது. தனியாக நின்று தீயை அணைத்தான் என்று பேர் வாங்கும் ஆசை. தனா தயங்கித் தயங்கிப் போனான்.

அவன் போய்ச் சற்று நேரத்தில் என் சிலிண்டர் விசில் அடித்தது. காற்று குறைகிறது, கிளம்பு என்று அர்த்தம். பைப்பின் முனையைக் கீழே வைத்தேன், குனிந்தேன், தடவினேன், பைப்பு கையில் கிடைத்தது. நாலு காலில் கிளம்பிவிட்டேன்.

பைப்பு தொளதொளவென்று இருந்தது. தண்ணீர் ஓடும் பைப்பு கல்லு மாதிரி விறைத்து இருக்கும். 'வெளியே தண்ணியை நிறுத்திட்டானுங்க போல' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழவழவென்றும் இருந்தது. 'புது பைப்பு போல' என்றேன். போகப் போக வாசல் வரவில்லை. 'தூரமா வந்துட்டோம் போல' என்றேன். முட்டாளுக்குப் 'போல' என்ற ஒரு சொல் போதும், சுடுகாடு வரைக்கும் போய்விடுவான்.

விஷயம் இதுதான். செராமிக் கம்பெனியில் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தோசை மாவுப் பதத்தில் வைத்திருப்பார்கள். சிலிப்பு என்பார்கள். அதை அச்சில் ஊற்றித்தான் பொம்மை செய்வது. அந்தச் சிலிப்பைக் கொண்டுபோக ரப்பர் பைப்பு ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும். எங்கள் பைப்பின் பருமன்தான். தடித்த கையுறைக்குள் எந்த வித்தியாசமும் தெரியாது. எங்கள் பைப்பு வண்டிக்குப் போகிறது. அவர்கள் பைப்பு தரைக்குள் தோண்டிய சிலிப்புத் தொட்டிக்குப் போகிறது.

நானும் போனேன். தலைகுப்புற.

நெஞ்சளவு ஆழம். எழுந்தால் வழுக்குகிறது, பிடித்தால் நழுவுகிறது. விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. காலில் இரும்பு இறக்கை மாதிரி ஏதோ இடித்தது. சிலிப்பு கட்டிப்போகாமல் இருக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் கலக்கி அது. கரண்டு இல்லாததால் நின்றிருந்தது. அது என்னவென்று புரிந்த நொடியில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எம்பி, ஊர்ந்து, எப்படியோ கரையேறி, வெளிச்சம் தெரிந்த பக்கம் முட்டி, பின்கதவு வழியாக வெளியே விழுந்தேன்.

பின்பக்கம் வேப்பமர நிழலில், கம்பெனியில் பொம்மைக்குக் கலர் அடிக்கும் பெண்கள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை வெளேரென்று, யானைத் தும்பிக்கை மாதிரி மாஸ்க்கோடு, விசில் அடித்துக்கொண்டே ஓர் உருவம் வருகிறது. இரண்டு பேர் எழுந்து ஓடியே விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் அசையாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏ சரசு, பயப்படாத வாடி. நம்ம பொம்மதான். சூளையில வெக்கறதுக்குள்ள எழுந்து வந்துடுச்சி."

பங்குனி வெயில். நான் காய ஆரம்பித்தேன். முழங்கை மடங்கவில்லை. பேச வாயைத் திறந்தால் கன்னம் விரிசல் விட்டது. எங்கள் ஆபீசர் ஓடி வந்தார். பின்னாலேயே கம்பெனி முதலாளி.

"யோவ், என்னய்யா ஆச்சு? வாசல் அந்தப் பக்கம் இருக்குது, நீ இங்க எப்படிய்யா வந்த?"

கன்னுக்குட்டி ஞாபகம் வந்தது. 'பொம்மை' என்று என் பேரனைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தோன்றியது. (அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை. பேரனுக்காகக் கவலைப்பட்டேன்.) வாயில் வந்துவிட்டது:

"உள்ள யாரோ ஆள் மாட்டிக்கிட்ட மாதிரி சத்தம் கேட்டுச்சிங்க சார். தேடிக்கிட்டுப் போனேன். தொட்டில எறங்கித் தேடிட்டுத்தான் வந்தேன். யாரும் இல்லீங்க."

முதலாளி கண் கலங்கிவிட்டார். என் காய்ந்த கையைப் பிடித்துக்கொண்டார், விரல் மேலிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுவாரம் கம்பெனி வாசலில் ஷாமியானா போட்டு, மைக் வைத்து, எனக்குச் சிவப்புக் கரை போட்ட பொன்னாடை போர்த்தினார். "எங்க தொழிலாளிங்க உயிருக்காகத் தொட்டியிலயே குதிச்ச தெய்வம்" என்றார். கூட்டத்தில் முதல் வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை. தொட்டி எங்கே இருக்கிறது, பைப்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வீட்டில் என் மனைவி மலருக்கும் சந்தேகம். என் யூனிபார்மை அலசி அலசி எங்கள் தெருச் சாக்கடையே அடைத்துக்கொண்டது. அதைக் குச்சியால் குத்திக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, சத்தம் கேட்டுச்சின்னீங்களே, அந்த ஆளு என்னா சொன்னாரு?"

"சத்தம்தான். வார்த்தை வெளங்கல."

"வெளங்காது. மாஸ்க்குக்குள்ள அவரும் ஒங்க கொரல்லயேதான் கத்தியிருப்பாரு."

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பொய் அப்படியே நின்றிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன். பொன்னாடை பீரோவில் இருந்திருக்கும், நானும் ஒருநாள் தெய்வமாகவே ரிட்டையர் ஆகிவிடுவேன்.

ஆடி மாதம் பேட்டையில் இன்னொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி குடோன் தீப்பிடித்தது. இந்த முறை தனா முன்னால் தண்ணீர் அடிக்கிறான், நான் வாசலில் நின்று பைப்பைத் தள்ளிக் கொடுக்கிறேன். ஆடிக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. புகை அப்படியே தரைக்கு இறங்கிவிட்டது, தனா மறைந்துவிட்டான். உள்ளே அட்டைப்பெட்டிகள் சரியும் சத்தம். பிறகு அவன் சிலிண்டர் விசில்.

சரி, வருகிறான் என்று நின்றேன். விசில் என் பக்கம் வரவில்லை. இடது பக்கமாகப் போனது. மெதுவாக, ஒரே சீராக, வழி தெரிந்தவன் போகிற மாதிரி போனது. கீழே பார்த்தேன். எங்கள் பைப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பைப்பு, அவர்கள் சிலிப்பு பைப்பு, புகைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவன் எங்கே போகிறான் என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அவனுக்குச் சொல்லாததால்தான் அவன் போகிறான்.

"தனா! வழவழன்னு இருக்கறத நம்பாதடா! அது நம்ம பைப்பு இல்லடா!"

மாஸ்க்குக்குள் அவனுக்கு என்ன கேட்கும்? சிலிப்பு பைப்பை இரண்டு கையாலும் பிடித்து வெறி பிடித்தவன் மாதிரி வாசல் பக்கம் இழுத்தேன். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்து இழுத்தார்கள். தனா நல்ல வீரன், பாடம் மறக்காதவன். பிடித்த பைப்பை விடவே இல்லை. மாசிமகத் தேர் வடம் இழுக்கிற மாதிரி நாங்கள் இழுக்க, வயிற்றால் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

மாஸ்க்கைக் கழற்றி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நான் தப்புப் பைப்ப புடிச்சிருக்கேன்னு ஒனக்கு எப்டிடா தெரிஞ்சுது?"

ஆபீசர் நிற்கிறார். எல்லோரும் நிற்கிறார்கள்.

"நானும் அப்படித்தான்டா போனேன். அன்னிக்கு. சத்தமும் கேக்கல, ஆளையும் தேடல. வழி தப்பி விழுந்தேன்."

அவன் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

"அடப்பாவி. ஒன்னத் தனியா உட்டுட்டு வந்தது என் தப்புன்னு நாலு மாசமா வூட்டுல சோறு எறங்காம கெடக்கறன்டா நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யூனிபார்மோடு, வண்டிக்கு முன்னால், ஊர் பார்க்க அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. தனா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை அணிவகுப்பில் மெமோ வரும் என்று நின்றேன். ஆபீசர் பேனாவை எடுத்தார், மூடினார், சட்டையில் குத்திக்கொண்டார்.

"பொய் சொன்னதுக்கு ஒன்னத் தனியாக் கவனிச்சிக்கறேன். ஆனா விழுந்ததுக்கு மெமோ குடுத்தா, நாளைக்கு விழுறவன் எவனும் சொல்ல மாட்டான். ஒக்காந்து மொதல்லேருந்து சொல்லுய்யா. ஒண்ணும் உடாம."

சொன்னேன். 'போல, போல' என்று நான் ஊர்ந்ததைச் சொன்னபோது பல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஏணியில் வழுக்கியது கால் இல்லை, தேய்ந்துபோன படி என்றார். இத்தனை வருடமாக அதை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "யாரு கேட்டீங்க? பல்லின்னு பேரு வெச்சிட்டுப் போயிட்டீங்க" என்றார். அன்று மதியமே எல்லா ஏணியையும் இறக்கிப் பார்த்தோம். இரண்டு ஏணி தேறவில்லை. அடுத்து கன்னுக்குட்டி வாயைத் திறந்தார். டீ ஆறிப்போனது, யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து பேட்டையில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், தொட்டி எங்கே, உங்கள் பைப்பு எங்கே என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்காமல் உள்ளே கால் வைப்பதில்லை. மாதம் ஒருநாள் பயிற்சியும் உண்டு. தரையில் எங்கள் பைப்பும் சிலிப்பு பைப்பும் பின்னிக்கிடக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு, எங்கள் பைப்பின் இரண்டு துண்டுகள் சேரும் பித்தளை இணைப்பைத் தடவி, முதலில் மொழுக்கென்ற பக்கமும் பிறகு குமிழ் வைத்த பக்கமும் கைக்கு வந்தால் வண்டிப் பக்கம் என்று கண்டுபிடித்து வர வேண்டும். தப்பான பைப்பின் கடைசியில் ஒரு அண்டா சிலிப்பு இருக்கும். அந்த முதலாளிதான் அனுப்புகிறார். (உண்மையைப் போய்ச் சொன்னேன். "அப்ப பொன்னாடைய என்னா பண்றது?" என்றார்.)

மலர் அதற்கு வழி சொன்னாள். பயிற்சியில் கண்ணைக் கட்டுவது அந்தப் பொன்னாடையால்தான். நல்ல கெட்டித் துணி, ஒரு பொட்டு வெளிச்சம் விடாது. முதல் முறை என் கண்ணைக் கட்டியவன் தனா. முடிச்சை வேண்டுமென்றே இறுக்கினான்.

வேப்பமரத்தடி அம்மா ஒரு பொம்மை அனுப்பினார். மாஸ்க் போட்ட வீரன். கலர் அடிக்காமல் வெள்ளையாகவே சுட்டது. எங்கள் டிவிக்கு மேல் நிற்கிறது. என் மகள் அதற்கு 'அப்பா' என்று பேர் வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். நான் முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டு மூன்று சீட் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். மலரும் மகளும் கீழேயே நின்றார்கள்.

"ஏறுங்க, இதுதான் போல!" என்றேன்.

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கக் கத்தினாள்:

"அப்பா, நம்ம பைப்புதானா?"

இறங்கிப் போய் போர்டைப் பார்த்தேன். திட்டக்குடி.