பேர்தான் கேட்டாள், பேர்தான் வாங்கினேன்

தமிழில் பேர் என்றால் பேர்தான். ஊர்ப் பேர், ஆள் பேர், நல்ல பேர், கெட்ட பேர். இங்கிலீஷில் அதே ஓசைக்குப் பேரிக்காய் என்று ஒரு பொருள் இருப்பதும், அந்தக் காயின் வடிவத்தில் வைரத்தை வெட்டி மோதிரத்தில் வைப்பதும் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். சொல்லித்தராத பாடத்தில் ஒருத்தன் ஃபெயிலானால் அது பையன் குற்றமா, பள்ளிக்கூடத்தின் குற்றமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் பதில் சொன்னதில்லை, சிரிக்கத்தான் செய்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு க்ளியரிங் செய்கிற ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த வேலையே பேர் பார்ப்பதுதான். கப்பல் பேர் என்ன, சரக்கு யார் பேரில் வந்திருக்கிறது, அந்தப் பேரில் எழுத்து பிசகியிருக்கிறதா? ஒரே ஒரு எழுத்து மாறினாலும் முந்திரிக்கொட்டை கன்டெய்னர் யார்டில் கிடந்து வேகும், முதலாளி ஆபீஸில் கிடந்து வேவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேர், பேர், பேர். இப்படிப்பட்ட ஒருத்தன் காதில் 'பேர்' என்று விழுந்தால் அவனுக்குக் காய்கறியா ஞாபகம் வரும்?

எனக்குப் பேசி முடித்த பெண் ஜெனோவா. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், சனி ஞாயிறு ஊருக்கு வருவாள். அவள் அப்பா தோணியில் தண்டல். அதாவது, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற மரக்கப்பலுக்கு அவர்தான் தலைவர். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கு அவளைச் சோறு இறங்காத அளவுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத ஒரே ஆள் பிலோமி அத்தை, தண்டலின் அக்கா. அவர் கைவசம் சென்னையில் ஒரு டாக்டர் மாப்பிள்ளை இருந்தார். "ஹார்பர்ல பேப்பர் தூக்கிட்டு அலையுத பயலுக்கா நம்ம பிள்ள?" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்குக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். அந்தச் சாக்கை நான்தான் வைரம் பதித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிச்சயத்துக்கு முன்னால் பையனும் பெண்ணும் போனில் பேசக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். (பேசிக்கொண்டுதான் இருந்தோம்.) ஒரு சனிக்கிழமை நான் யார்டில் நிற்கும்போது ஜெனோவா கூப்பிட்டாள். சுற்றிலும் லாரி ஹாரன்.

"மோதிரத்துக்கு வைரம் பாக்கப் போறீங்கள்லா? சும்மா வட்டமா வேண்டாம், ஊர்ல எல்லாரும் அதத்தான் போடுதாங்க. எனக்குப் பேர் ஷேப் வேணும்."

"பேரா?"

"ஆமா, பேர். தெரியும்லா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கட்டிக்கப் போகிற பெண்ணிடம், அதுவும் இங்கிலீஷ் டீச்சரிடம், தெரியாது என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? "அது தெரியாமலா? பெரிய பேரா, சின்னப் பேரா?" என்று விவரமானவன் மாதிரி கேட்டேன்.

"சின்னதே போதும். எனக்குக் குச்சி விரலு."

அந்த நேரம் பின்னாலிருந்து அவள் அப்பா குரல் கேட்டது. "ஏளா நெத்திலி, தோச ஆறுது, வாளா." உடனே போன் கட்டாகிவிட்டது.

நெத்திலி! அவள் சின்னதில் எப்படி ஒல்லியாக இருந்திருப்பாள் என்று அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பேர் போதும் என்றாள், அடுத்த நொடியே சின்னப் பேர் காதில் விழுந்தது. ஆண்டவரே எடுத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். (ஆண்டவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.)

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். வைர செக்‌ஷனில் டை கட்டிய ஒரு சேல்ஸ்மேன் கறுப்புத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். என்ன ஷேப் பார்க்கிறீர்கள் என்றார். பேர் என்றேன். இடுக்கியால் ஒரு கல்லை எடுத்து வைத்தார். கீழே உருண்டு, மேலே கூராக, சொட்டப் போகிற தண்ணீர் மாதிரி இருந்தது.

"இதுல பேர் எங்க இருக்கு?"

"இதான் சார் பேர்."

"இதுக்குப் பேர் என்ன?"

"பேர்."

"அதத்தான நானும் கேக்கேன். இதோட பேர் என்ன?"

"இதோட பேரே பேர்தான் சார்."

அம்மா என் காதில், "பாவம்லே, அந்தத் தம்பிக்கு என்னமோ ஆயிட்டு. சொன்னதையே சொல்லுதான்" என்றாள்.

அவர் பொறுமைசாலி. குறை சொல்ல மாட்டேன். "பேரிக்காய் இருக்குல்லா சார், கொடைக்கானல் பேரிக்காய்? அந்த மாதிரி..." என்று ஆரம்பித்தார். அம்மா விடவில்லை. "நிச்சயத்துக்கு மோதிரம் கேட்டா காய்கறி காட்டுதீங்களே தம்பி. அதுவும் பாக்கக் கண்ணீரு மாதிரி இருக்கு. நல்ல காரியத்துல கண்ணீரா? உள்ள வைங்க."

(புத்தியுள்ளவனுக்கு இந்த இடத்தில் விளங்கியிருக்கும். எனக்கும் புத்தி உண்டு. அன்றைக்கு அதை யார்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.)

ஒரு துண்டுத்தாள் வாங்கி, 'நெத்திலி' என்று எழுதிக் கொடுத்தேன். "இந்தப் பேருதான். தமிழ்லயே, பொடி வைரமாப் பதிச்சுக் குடுங்க."

அவர் வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். "சார், இது மீனு இல்லையா?"

"பொண்ணு."

அதற்குப் பிறகு அவர் ஏன், எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டார். 'த்' மேல் வருகிற புள்ளிக்கு மட்டும் ஒரு வட்டக் கல் வைத்துவிடலாமா என்றார். எனக்குச் சுரீர் என்றது. வட்டம் வேண்டாம் என்றுதானே அவள் சொன்னாள்? ஒரு வேலையை எடுத்தால் உத்தரவுப்படி செய்கிறவன் நான். "வட்டம் ஆகாது. அந்தக் கண்ணீர்ச் சொட்டு இருக்குல்லா, அதத் தூக்கிப் புள்ளியா வச்சிருங்க" என்றேன். அம்மா முகம் சுளித்தாள். "புள்ளிதானம்மா, யாரு பாக்கப் போறா" என்று சமாதானம் சொன்னேன். சேல்ஸ்மேன் அந்தச் சொட்டுக் கல்லைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, "அப்போ கடைசில பேர் வாங்கிட்டீங்க சார்" என்றார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

நிச்சயம் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில். ஜெனோவா நீலப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டு தட்டாக எங்கள் ஊர் முந்திரி மக்ரோன் சுற்றி வந்தது. பங்குச்சாமியார் மோதிரத்தை ஆசீர்வதித்து மந்திரிக்க எடுத்தார். எடுத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஏதோ வேத வசனம் பொறித்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மைக் முன்னாலேயே, எழுத்துக் கூட்டி, நல்ல உச்சரிப்போடு வாசித்தார்.

"நெ... த்... தி... லி."

மக்ரோன் கடிக்கிற சத்தம் நின்றது. பின்வரிசையில் யாரோ, "அதுக்குள்ள சாப்பாட்டுக்குக் கூப்புடுதாங்களா?" என்றார்கள்.

பிலோமி அத்தை எழுந்தார். இத்தனை மாதமாக இதற்காகத்தானே காத்திருந்தார்.

"கடக்கரப் பிள்ளன்னா மீனுன்னு எழுதிப் போடுவீங்களோ? படிச்ச பிள்ள, நாலு பேருக்குப் பாடம் சொல்லுத பிள்ள. சபையில வச்சு மானத்த வாங்கியாச்சு. பேருக்குன்னு ஒரு மோதிரத்தப் போட்டு..."

"பேருக்குத்தான் அத்த" என்றேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். சபை சிரித்துவிட்டது. அத்தைக்கு இன்னும் ஏறியது.

"இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். வேற மோதிரம் வரட்டும், பொறவு பாப்போம்."

எங்கள் பக்கம் 'பொறவு பாப்போம்' என்றால் இனிமேல் பார்க்கவே மாட்டோம் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சென்னை டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு கண்முன் வந்து நின்றார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எய்யா, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. மாத்திக் குடுத்துருவோம்."

எனக்குப் பயம்தான். ஆனால் கோபமும் வந்தது. "மாத்த மாட்டேன்" என்றேன். "பேர் வேணும்னு கேட்டா, பேர் போட்டிருக்கேன். அவ அப்பா ஆசையாக் கூப்புடுத பேரு. இதுல என்ன அசிங்கம்? இங்கன இருக்கிறவங்கள்ல நெத்திலி தின்னாம வளந்தவங்க ஒரு ஆளு எந்திரிங்க பாப்போம்."

எழுந்தது தண்டல்தான். புயலில் தோணியைக் கரைசேர்த்த மனுஷன், குரல் கம்மிப்போய்க் கேட்டார். "நான் கூப்புடுதது உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள?"

"போன்ல கேட்டேன் மாமா."

"போனா?" என்றார் அத்தை. என் மேல் இரண்டாவது கேஸும் பதிவானது.

இதுவரை தலை நிமிராத ஜெனோவா எழுந்து வந்து, சாமியார் கையிலிருந்து மோதிரத்தை வாங்கினாள். முகம் சிவந்திருந்தது. ரகசியமாகத்தான் சொன்னாள், மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. "நான் கேட்டது பேரிக்காய்ப் பேர்."

அந்தப் பொறுமைசாலியும் கொடைக்கானலும் கறுப்புத் துணியும் எனக்கு ஒட்டுமொத்தமாக ஞாபகம் வந்தன. போச்சு. மோதிரம் போனால் போகட்டும், இவள் போய்விடுவாளே! அவளைவிட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை. அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதுதான் என் பிறவிக் குணம்.

அவள் மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இது என்ன?"

"புள்ளி."

"புள்ளி ஏன் இப்படி இருக்கு?"

"வட்டம் வேண்டாம்னு நீதான சொன்ன. அதான் ஒரு சொட்டு வைக்கச் சொன்னேன்."

புள்ளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி புள்ளியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அத்த, நான் கேட்ட பேர் இதான். வாங்கிட்டு வந்திருக்காரு. அப்பா வச்ச பேரையும் கூடச் சேத்து வாங்கிட்டு வந்திருக்காரு." அத்தையின் பதிலுக்குக் காத்திருக்காமல் விரலை நீட்டினாள். "போடுங்க."

போட்டேன். மூட்டில் மாட்டிக்கொண்டது. குச்சி விரலுக்கு அது பஸ் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பலகை மாதிரி இருந்தது. சாமியார் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார், வழுக்கிக்கொண்டு இறங்கியது. தண்டல் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அத்தை கல்யாணத்துக்கு வந்தார், பரிசு ஒரு கூடைப் பேரிக்காய். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இன்னும் அனுப்புகிறார். ஜெனோவா மோதிரத்தைக் கழற்றாமல் மாவு பிசைவதால் எங்கள் வீட்டுச் சப்பாத்தியில் சில நாள் 'நெத்திலி' இடவலம் மாறி விழும். எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதே சாமியார், "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்க, மாமனார் பின்னாலிருந்து, "மாப்பிளகிட்ட கேக்காதீங்க சாமி, மீன் மார்க்கெட்டுக்குப் போயிருவாரு" என்றார். கோயிலென்றும் பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள், சாமியார் உட்பட.

போன மாதம் நானே வலியப் போய்ச் சொன்னேன். இப்போது எனக்கு விவரம் தெரியும், ஒற்றைக் கல்லில், எழுத்தெல்லாம் இல்லாமல், சுத்தமான பேர் ஷேப் மோதிரம் ஒன்று எடுத்துவிடலாம் என்றேன். அவள் மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம். எனக்கு இருக்கிற பேரே போதும்."

எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குப் போனில் கேட்காமல் விட்டதால்தானே எனக்கு இவ்வளவும் கிடைத்தது.